மதகடித் தெருவுக்கு வந்த சட்டம்

இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாமா சார்? புழுக்கமாத்தான் இருக்கு, தெரியுது. இந்த பஸ் ஸ்டாண்டு தாண்டற வரைக்கும் போதும். வெளியில நிக்கறானே, பச்சைச் சட்டை, மோட்டார் சைக்கிள்மேல சாஞ்சுக்கிட்டு, அவன் இந்தப் பக்கம்தானே பாக்கறான்? இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கரும்புச்சாறா குடிக்கறான்? சரி, குடிக்கட்டும், குடிக்கட்டும்.

தலையில துண்டைப் போட்டிருக்கேனேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. திருடன் இல்லை சார் நான். முன்னாடி பாருங்க, ஜன்னலுக்கு மேல எழுதியிருக்கு, சட்டமன்ற உறுப்பினர்னு. அது என் சீட்டு. சிரிக்காதீங்க, சத்தியமா. பாஸ் சட்டைப் பையிலயே இருக்கு. கண்டக்டர்கிட்டக் காட்டலை, காசு குடுத்து டிக்கெட் எடுத்தேன். பாஸைக் காட்டினா "ஐயா, முன்னாடி வந்து உட்காருங்க"ன்னு சத்தம் போடுவாரு. பஸ்ல பாதிப் பேரு திரும்பிப் பாப்பாங்க. அதான் இங்க வந்து உங்களை ஒட்டி உட்கார்ந்துட்டேன்.

கார் இருக்கு. வீட்டு வாசல்லயே நிக்குது. அது அங்க நின்னாத்தான் நான் வீட்டுக்குள்ள இருக்கேன்னு நினைப்பாங்க.

தொகுதி பேரைக் கேக்காதீங்க. சென்னைக்கு ஒரு வேலையாப் போறேன், அவ்வளவுதான். ஓடிப்போறவன் இல்லைங்க நான். அதை முதல்லயே சொல்லிடறேன்.

சார் பாத்தா நாலு விஷயம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கீங்க. நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. உங்க எம்.எல்.ஏ. எப்பவாவது உங்க தெருவுக்கு வந்து, "இந்தத் தடவை சட்டசபையில இன்னின்ன சட்டம் போட்டோம், அதனால உங்களுக்கு இன்னின்ன ஆகும்"னு சொல்லியிருக்காரா? சொல்லியிருக்க மாட்டாரு. எவன் சொல்றான்? கல்யாணத்துக்கு வருவான், காது குத்துக்கு வருவான், மொய் வச்சுட்டுப் போயிடுவான். நான் அப்படி இல்லை. முதல் தடவை எம்.எல்.ஏ. சார். அதுக்கு முன்னாடி மைக்செட்டு வச்சிருந்தேன். எங்க சுத்துவட்டாரத்துல கோயில் கொடைன்னாலும் கட்சிக் கூட்டம்னாலும் என் குழாய்தான் கட்டணும். ஊரான் பேச்சையெல்லாம் இருபத்தஞ்சு வருஷம் குழாயில விட்டவனுக்கு, நம்மளும் ஒரு நாள் பேசணும்னு ஆசை இருக்காதா? கூட்டத்தொடர் முடிஞ்சா போதும், ஊர் ஊராப் போயிடுவேன். நானே மைக்கைக் கட்டுவேன், நானே பேசுவேன். பிட் நோட்டீஸ் அடிச்சுக் கையில குடுப்பேன். மேலே என் போட்டோ, கீழே வரிசையா சட்டம். ஜனங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். "நம்ம எம்.எல்.ஏ. வாத்தியார் மாதிரி சொல்லித் தராரு"ன்னு கிழவன்லாம் சொல்லுவான்.

அந்த நல்ல பழக்கம்தான் சார் இன்னிக்கு என்னைக் கொல்லுது.

எங்க ஏரிக்கரையில மதகடித் தெருன்னு ஒண்ணு. நாப்பத்துமூணு வீடு. மூணு தலைமுறையா இருக்கறாங்க. வீட்டு வரி கட்டறாங்க, கரண்டு பில்லு கட்டறாங்க, எனக்கு ஓட்டும் போட்டாங்க. மொத்தமாப் போட்டாங்க, அதை நான் மறைக்க மாட்டேன். பட்டா மட்டும் இல்லை. ஏரி இடம்னு சொல்லி, காலி பண்ணச் சொல்லி உத்தரவு ஒட்டிட்டாங்க. முப்பது நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம்னு அதுலயே போட்டிருந்தது. தெருவே அரண்டு போச்சு. அங்க கன்னியம்மான்னு ஒரு அம்மா, இட்லிக் கடை வச்சிருக்கு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதுதான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து என் வாசல்ல உட்கார்ந்துச்சு. "பயப்படாதீங்க, நான் இருக்கேன்"னு சொல்லி அனுப்பினேன். வேற என்ன சொல்ல முடியும்?

அப்புறம் கூட்டத்தொடர். கடைசி நாள். கடைசி நாள் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது சார். ஒரே நாள்ல பதினேழு மசோதா. ஒவ்வொண்ணும் தலையணை மொத்தம். எவன் படிப்பான்? நீங்க படிப்பீங்களா? சபாநாயகர் கேப்பாரு, "ஆம் என்போர்?" நாங்க "ஆம்"னு சொல்லுவோம். "இல்லை என்போர்?" அந்தப் பக்கம் நாலு குரல் முனகும். "ஆம் என்போரே மிகுதி. ஏற்கப்பட்டது." மேசையைத் தட்டுவோம். அடுத்தது. மைக்செட்டுக்காரன் தொண்டை இல்லையா, என் ஆம் மட்டும் தனியாக் கேக்கும். அமைச்சர்களே திரும்பிப் பாத்துச் சிரிப்பாங்க.

பதினொண்ணாவதா ஒண்ணு வந்தது. ஏரிக்கரை, வாய்க்கால் கரையில முப்பது வருஷத்துக்கு மேல குடியிருக்கறவங்களை, மாத்து இடம் குடுக்காம எழுப்பக்கூடாதுன்னு. என் காதையே என்னால நம்ப முடியலை. மதகடித் தெரு அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. "ஆம் என்போர்?"னாரு. போட்டேன் பாருங்க ஒரு ஆம்! "ஏற்கப்பட்டது"ன்னாரு. மேசையைத் தட்டின தட்டுல உள்ளங்கை செவந்து போச்சு. அழுகையே வந்துடுச்சு சார், பொய் சொல்லலை. உள்ள போன் பேசக்கூடாதே, எந்திரிச்சு வெளியில ஓடினேன். கன்னியம்மாவுக்குத்தான் முதல் போன். "அம்மா, சட்டம் வந்துடுச்சு"ன்னேன். அந்தப் பக்கம் குலவை போடறாங்க, இந்தப் பக்கம் நான் அழறேன்.

நான் வெளியில நின்ன அந்த ரெண்டு நிமிஷத்துலதான் சார் எல்லாம் கெட்டது.

இது என் பி.ஏ. மோகனரங்கம் பின்னாடி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு மசோதாவை முதல்ல "அறிமுகம் பண்ணலாமா"ன்னு கேப்பாங்களாம். அதுக்கும் ஆம்தான். அப்புறம் "நிறைவேத்தலாமா"ன்னு கேப்பாங்களாம். அதுக்கும் ஆம்தான். அன்னிக்கு மத்த பதினாறுக்கும் ரெண்டு ஆமும் ஒரே மூச்சுல முடிஞ்சது. இது ஒண்ணை மட்டும் முதல் ஆமோட நிறுத்தி, தேர்வுக் குழுவுக்கு அனுப்பிட்டாங்க. அது எப்ப திரும்பி வரும்? ஆறு மாசமோ, ஆறு வருஷமோ, வராமலே போனாலும் போகும். இதை எனக்கு யார் சொன்னாங்க? பக்கத்து சீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். அவரு நல்லாத் தூங்கினாரு. நான் மட்டும் குத்தவாளியா?

ஊருக்கு வந்ததும் பிட் நோட்டீஸ் அடிச்சாச்சு. மத்ததெல்லாம் சின்ன எழுத்து, இது மட்டும் கொட்டை எழுத்துல. மதகடித் தெருவுலயே கூட்டம். மாலையென்ன, ஆரத்தியென்ன! மறுநாள் போய்ப் பாக்கறேன், அந்த பிட் நோட்டீஸை லேமினேட் பண்ணி வாசக்கால்ல ஆணியடிச்சு மாட்டியிருக்காங்க. நாப்பத்துமூணு வீட்டுலயும். சாமி படத்துக்குப் பக்கத்துல என் மூஞ்சி. அளவெடுக்க ஆள் வந்தப்ப அதைத்தான் காட்டியிருக்காங்க. "சட்டம் வந்துடுச்சு, போய் உங்க பெரியவங்களைக் கேளுங்க"ன்னு கன்னியம்மா விரட்டி விட்டுச்சாம்.

மேல்முறையீடா? அதைப் பண்ணலை. நான் ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொல்லலையே. அவங்களா பண்ணலை.

போன் ஆடுது பாருங்க. இருங்க, யாருன்னு பாக்கறேன். கன்னியம்மா நம்பர்தான். காலையிலேர்ந்து இது பதினாலாவது. எடுக்கலைன்னா தப்பா நினைப்பாங்களோ? எடுத்தா என்ன பேசறது? அடிக்கட்டும், அதுவா நிக்கும். நின்னுடுச்சு.

சார், உங்ககிட்ட எதுக்குப் பொய்? யாரோ எவரோ நீங்க, வழியில இறங்கிப் போயிடுவீங்க. சொன்னேன். மைக்லயே சொன்னேன். கூட்டத்துல கன்னியம்மா எந்திரிச்சு, "ஐயா, அப்ப வக்கீல்கிட்டப் போக வேணாமா? முப்பது நாள் கெடுன்னு போட்டிருக்கே"ன்னு கேட்டுச்சு. "சட்டமே வந்து வாசல்ல நிக்குது, வக்கீலுக்கு எதுக்கம்மா அலையறீங்க?"ன்னு கேட்டேன். கைதட்டு அடங்க நேரம் ஆச்சு. பேச்சு வேகத்துல வர்றதுதானே சார்? மேடையில நின்னுக்கிட்டு "எதுக்கும் ஒரு வக்கீலைப் பாத்து வைங்க"ன்னு எவனாவது பேசுவானா?

மோகனரங்கம் சபைக் குறிப்பைப் படிச்சுட்டு, மூஞ்சி வெளுத்துப் போய் வந்தான். "ஐயா, அது சட்டம் ஆகலைங்க"ன்னான். விட்டேன் ஒரு அறை. அவன்தானே பிட் நோட்டீஸ் எழுதினவன்! நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினான், அது வேற விஷயம். அன்னிக்குக் கணக்குப் பாத்தா கெடு முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.

நாலு நாள்தானே, அதுக்குள்ள அமைச்சரைப் பிடிச்சு ஏதாவது பண்ணிடலாம்னு நினைச்சேன். அவரு வெளியூர்னாங்க. மறுநாள் கூட்டத்துல இருக்காருன்னாங்க. மூணாவது நாள் மதகடித் தெருவுக்கே போனேன் சார். சொல்லிடலாம்னுதான் போனேன். கன்னியம்மா தட்டுல இட்லியை வச்சு நீட்டுச்சு, ஒரு சின்னப் பொண்ணு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுச்சு. அத்தனை மூஞ்சியும் சிரிச்சுக்கிட்டு நிக்குது, எப்படிச் சொல்றது? சாம்பார் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாலாவது நாள் முடிஞ்சு போச்சு. அது முடிஞ்சு இன்னியோட பன்னெண்டு நாள்.

வியாழக்கிழமை ஜே.சி.பி. வருது. அது தெரிஞ்ச அப்புறம்தான் ஜனங்க வக்கீலைத் தேடிப் போனாங்க. தேவசகாயம்னு ஒரு வக்கீல், காசு வாங்காம அலையறாரு. அவரு போய்க் கேட்டதுக்கு, "கெடு தாண்டிடுச்சே, ஏன் தாமதம்?"னு மேல்முறையீட்டை வாங்கற அதிகாரி கேட்டிருக்காரு. பிட் நோட்டீஸைக் காட்டியிருக்காங்க. "இந்த மாதிரி எவன் வேணா அடிக்கலாம். உங்க எம்.எல்.ஏ., 'நான்தான் அடிச்சேன், நான் சொல்லித்தான் இவங்க சும்மா இருந்தாங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். தாமதத்தை மன்னிச்சு எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டாரு. நாளைக்குக் காலையில பத்தரைக்குள்ள குடுக்கணும். குடுத்தா ஜே.சி.பி. நிக்கும். இல்லைன்னா நாப்பத்துமூணு வீடும் தரைமட்டம்.

ஒரு கையெழுத்துதானேன்னு நினைக்கறீங்க. முகத்துலயே தெரியுது. நானும் நினைச்சேன். நேத்து எங்க கொறடாவுக்குப் போன் போட்டேன். சபையில எப்ப ஆம் சொல்லணும், எப்ப வாயை மூடணும்னு எங்களுக்குச் சொல்றவரு அவருதான். முழுசாக் கேட்டுட்டு, மெதுவா, ரொம்ப மெதுவாப் பேசினாரு சார். "சபையில நடக்காததை நடந்ததா அச்சடிச்சிருக்கே. உரிமை மீறல். வாயால சொன்னதை மறுத்துக்கலாம். எழுத்துல குடுத்துட்டேன்னா உன்னை யாராலயும் காப்பாத்த முடியாது. அடுத்த தடவை சீட்டும் கிடையாது, கட்சியும் கிடையாது. புரியுதா தம்பி?"ன்னாரு. அவரு கத்தியிருந்தாக் கூடத் தேவலை. அந்தத் தம்பின்னு சொன்னாரு பாருங்க, அதுக்கப்புறம் பேனாவையே தொடலை நான். மறுபடியும் குழாய் கட்டப் போகச் சொல்றீங்களா? மாலை போட்டுக்கிட்ட கழுத்தோட ஏணியில ஏறச் சொல்றீங்களா?

காலையில வந்துட்டாங்க. வக்கீல், கன்னியம்மா, பின்னாடி தெருவே வந்து நிக்குது. உதைக்கப் போறாங்கன்னு நினைச்சேன். உதைச்சிருந்தாலும் பரவாயில்லை, போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். அந்த அம்மா, "ஐயா, சாப்பிட்டீங்களா? முகம் வாடிக் கிடக்கே"ன்னு கேக்குது. பேப்பரை வாங்கிக்கிட்டு, "உட்காருங்க, படிச்சுப் பாத்துட்டுப் போட்டுத் தரேன்"னு உள்ள போனேன். கொல்லைக் கதவைத் திறந்தேன், பின் தெருவுல ஆட்டோ பிடிச்சேன், இதோ உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். அவங்க இன்னும் கூடத்துல உட்கார்ந்திருப்பாங்க. என் சம்சாரம் காபி குடுத்திருப்பா.

பேப்பரா? இருக்கு. இடுப்புல சொருகியிருக்கேன். பிரிக்கவே இல்லை சார். என்னென்ன எழுதியிருக்காங்களோ! பொய்யன்னு எழுதியிருப்பாங்க, ஏமாத்திட்டான்னு எழுதியிருப்பாங்க. வாய் ஜாஸ்தின்னு சொன்னேனே, அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதியிருப்பாங்க. நீங்க வேணாப் பாருங்க. பாத்துட்டு நீங்களே வச்சுக்குங்க. பஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன். தொலையறது சகஜம்தானே?

மெதுவாப் படிங்க, முன் சீட்டுல ஆளு இருக்கு. முதல் தாள் நான் கையெழுத்துப் போட வேண்டியதா? அது கிடக்கட்டும், எனக்குத் தெரிஞ்சதுதான். ரெண்டாவதா ஒரு தாள் இருக்கா? தெருவுல எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வச்சிருக்காங்களா? அதான், அதுலதான் இருக்கும் என் மானம் போற விஷயம். படிங்க.

என்னது? இன்னொரு தடவை படிங்க.

"எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் எங்களை ஏமாற்றவில்லை. எங்களைப் போலவே அவரும் நம்பிவிட்டார்." அப்படியா போட்டிருக்கு? குறை இல்லைன்னா? ஐயோ சாமி! பாத்தீங்களா சார், பாத்தீங்களா என் ஜனங்களை! நான் என்னமோ ஏதோன்னு காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்காம... ஜன்னலைத் திறங்க சார், திறங்க, நல்லாக் காத்து வரட்டும். குறை இல்லைன்னு அவங்களே எழுதிட்டாங்க. அவங்களே மன்னிச்ச அப்புறம் நான் எதுக்கு எழுத்துல குடுத்து மாட்டிக்கணும்? சொல்லுங்க. அதுவும் நியாயம்தானே? கொறடா சொன்னதையும் மீறின மாதிரி இருக்காது. பேனாவை உள்ள வைங்க சார். எதுக்கு அதை நீட்டிக்கிட்டே இருக்கீங்க? வேணாம்னா வேணாம்.

இன்னும் ஒரு வரி இருக்கா? படிங்க, நல்ல வரியாத்தான் இருக்கும்.

"அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்து எங்களிடம் சொல்லியிருப்பார்."

அது... அது அந்த அம்மா சொல்லி எழுதினதா இருக்கும். மடிச்சிடுங்க. போதும், மடிச்சுக் குடுங்க. நீங்க வச்சுக்க வேணாம், நானே வச்சுக்கறேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? அவங்களுக்குத் தெரியாது. அந்த நாலு நாள் கதை அவங்க யாருக்கும் தெரியாது. மோகனரங்கத்துக்குத் தெரியும், அவன் என்னை மீறிப் பேச மாட்டான். எனக்குத் தெரியும். அப்புறம் இப்ப...

சார், இவ்வளவு நேரம் நானே பேசிக்கிட்டு வந்துட்டேன். நீங்க எந்த ஊரு, என்ன வேலையில இருக்கீங்கன்னு ஒண்ணுமே சொல்லலையே?

எந்திரிக்காதீங்க சார். எந்த ஊருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.